கண்டுபிடித்தவர் ஒருவர் மட்டும்

மார்க்கம்
14 ஜனவரி 2025

செலீன்,

உன்னோடை போனிலையோ ஈமெயிலிலையோ கதைக்கக்கூடாதெண்டு கொம்பனி லோயர் எனக்குச் சொல்லிப்போட்டார். கடிதத்தைப் பற்றி அவர் ஒண்டும் சொல்லேல்லை. அதாலைதான் இந்த முத்திரை. காரை எடுத்தால் கெதியா வந்து உன்ரை கதவைத் தட்டலாம். ஆனா வந்தால் நான் கதைக்கிற கதை அம்மா கேக்கக்கூடாத கதையா இருக்கும்.

நேற்று மீற்றிங்கிலை அமெரிக்கக்காரரின்ரை சாட்சிகள் ஆர் எண்டு வாசிச்சினம். செலீன் அமிர்தநாதர், ரூஜ், ஸ்காபரோ. பக்கத்திலை இருந்த லோயர் என்னைப் பாத்து, "இது உங்களுக்குச் சொந்தமோ?" எண்டு கேட்டார். "ஓம், என்ரை தங்கச்சி" எண்டன். அதுக்குப் பிறகு அந்த அறையிலை ஒருத்தரும் என்ரை முகத்தைப் பாக்கேல்லை.

தெரியாத மாதிரி நடிக்காதை. நானே எழுதிறன். ஆக்கள் குறைஞ்ச நேரம் போன் ரவரிலை இருக்கிற அன்ரெனாக்களை நித்திரையாக்கி வைச்சு, கூட்டம் வரமுந்தி எழுப்பிற முறை. அதை நாங்கள் மார்க்கம் ஆராய்ச்சி லாப்பிலை செய்தனாங்கள். காப்புரிமை எங்கடை சீனக் கொம்பனிக்கு. கண்டுபிடித்தவர் எண்ட இடத்திலை என்ரை பேர். இப்ப உனக்குச் சம்பளம் தாற அமெரிக்கக் கொம்பனி அதைக் கேக்காமலே பாவிச்சது. நாங்கள் வழக்குப் போட்டம். அவைக்கு மிச்சமிருக்கிறது ஒரேயொரு வழி: கண்டுபிடிச்ச இன்னொரு ஆளின்ரை பேரை மறைச்சு எடுத்த காப்புரிமை, ஆனபடியால் செல்லாது எண்டு காட்டுறது. அதுக்கு லாப்புக்குள்ளை இருந்த ஒரு ஆள் வேணும். அந்த ஆள் நீ.

உன்னை அந்த லாப்புக்குக் கூட்டிக்கொண்டுபோனது ஆர்? நேர்முகத்துக்கு முதல் நாள் என்ரை வீட்டுக் குசினி மேசையிலை இருத்திச் சொல்லித் தந்தது ஆர்? இந்த நாட்டிலை சீனக் கொம்பனியிலை வேலை எண்டாலே ஆக்கள் ஒரு மாதிரிப் பாக்கிற காலம். யூனிவேர்சிற்றியிலை எங்களோடை சேர்ந்து வேலை செய்த பேராசிரியர்மார் இப்ப கண்டாலும் காணாத மாதிரிப் போகினம். அதையெல்லாம் பொறுத்துக்கொண்டு பதினாறு வருஷம் நிண்டிருக்கிறன். என்னை விழுத்த வெளியிலை இருந்து ஆள் வரத் தேவையில்லை எண்டு இப்பதான் விளங்குது.

சாட்சி சொல்லமாட்டன் எண்டு எழுதிக் குடு. வற்புறுத்த அவைக்கு ஏலாது. வழக்கு அமெரிக்காவிலை, நீ இருக்கிறது கனடாவிலை.

கஸ்பர்


ரூஜ்
27 ஜனவரி 2025

அண்ணா,

"அன்புள்ள" எண்டு நீங்களும் போடேல்லை, நானும் போடேல்லை. இதிலையாவது ஒத்துப்போறம்.

இவ்வளவு எழுதியிருக்கிறீங்கள், லின் எண்ட பேர் ஒரு இடத்திலையும் இல்லை. "இன்னொரு ஆள்." அவ்வளவுதான். எங்கடை வீட்டுக்குக் கீழை பேஸ்மென்றிலை மூண்டு வருஷம் இருந்தவள். ஷென்ஷென் தலைமை அலுவலகத்திலை இருந்து உங்கடை குழுவுக்கு அனுப்பினவள். உங்களுக்கு நேர் எதிர்க் கதிரை. அவளின்ரை ஆங்கிலம் அம்மாவுக்கு விளங்காது, அம்மான்ரை தமிழ் அவளுக்கு விளங்காது. ரெண்டு பேரும் ஆளாளுக்கு ஏசிக்கொண்டு சேர்ந்து ஸ்நோ அள்ளுறதை நீங்களும் நிண்டு பாத்துச் சிரிச்சிருக்கிறீங்கள்.

நான் அமெரிக்கக்காரரிட்டைப் போகேல்லை. அவை என்னட்டை வந்தவை. "அந்த எண்ணம் ஆருக்கு முதலிலை வந்தது?" எண்டு கேட்டினம். எனக்குத் தெரியும், ஏனெண்டால் நான் பக்கத்திலை இருந்தனான். கென்னடி ஸ்ரேஷனிலை இருந்து 116 பஸ். சனிக்கிழமை, கொட்டுற ஸ்நோ. எல்லாரும் குனிஞ்சு போனைப் பாத்துக்கொண்டு இருந்தவை. லின் திடீரெண்டு என்ரை கையைப் பிடிச்சாள். "செலீன், நாங்கள் பிழையா எண்ணுறம். போனுகளைத் தனித்தனியா எண்ணக்கூடாது. இந்த பஸ் முழுக்க ஒண்டாத்தான் நகருது. அடுத்த ரவருக்கு இது வாறதை இந்த ரவர் முன்னமே சொல்லலாம்" எண்டாள். மோர்னிங்சைட்டிலை இறங்க மறந்துபோனம். திங்கட்கிழமை அவள் அதை உங்களுக்குப் போர்டிலை கீறிக் காட்டினவள். நீங்கள் தலையிலை கை வைச்சுக்கொண்டு நிண்டீங்கள். நானும் அந்த அறையிலை நிண்டனான்.

2021இலை அவளை ஷென்ஷெனுக்குத் திருப்பிக் கூப்பிட்டினம், போனாள். அங்கை கொம்பனிக் குடியிருப்புப் பக்கம், வெளிமாகாணத்திலை இருந்து வந்த தொழிலாளரின்ரை பிள்ளையளை உள்ளூர்ப் பள்ளிக்கூடம் எடுக்காதாம். அதுக்காக மாவட்ட மக்கள் பேரவைத் தேர்தலிலை தனிச்சு நிக்கப் பாத்தாள். பத்து வாக்காளர் முன்மொழிஞ்சால் ஆரும் நிக்கலாம் எண்டு அந்த நாட்டுச் சட்டமே சொல்லுது. முப்பது பேரிட்டைக் கையெழுத்து வாங்கினாள். பேந்து ஆளைக் காணேல்லை. அதுக்கு அடுத்த மாதம் கொம்பனி காப்புரிமைக்கு விண்ணப்பிச்சது. கண்டுபிடித்தவர்: ஒருவர் மட்டும்.

போன நவம்பர் அம்மா மாதா கோயிலிலை அவளுக்காகப் பூசை ஒப்புக்குடுத்தவ. சுவாமி "லின்" எண்டு வாசிச்ச உடனை நீங்கள் எழும்பி வெளியிலை போனீங்கள். அம்மா அதைக் கண்டவ. ஏன் போனீங்கள் எண்டு அவ என்னட்டைத்தான் கேட்டவ, உங்களிட்டை இல்லை. நான் சொல்லேல்லை. இனிக் கேட்டால் சொல்லுவன்.

செலீன்


மார்க்கம்
9 பெப்ரவரி 2025

செலீன்,

நீ பஸ்ஸிலை கேட்டது ஒரு எண்ணம். எண்ணம் ஆருக்கும் வரும். கூட்டம் வருதெண்டு தெரிஞ்ச பிறகு, நித்திரையிலை இருக்கிற அன்ரெனாவை ஒரு போன் கோலும் அறுபடாமல் எழுப்பிறது எப்பிடி? அதைச் செய்தது நான். பதினாலு மாதம். அதை விட்டிட்டு அவள் கீறினதை மட்டும் வைச்சிருந்தால் அது ஒரு நல்ல கதை. காப்புரிமை இல்லை.

பேரை எடுத்தது நான் இல்லை. விண்ணப்பம் மேலிடத்திலை இருந்து வரேக்கையே அதிலை அவளின்ரை பேர் இல்லாமல்தான் வந்தது. கையெழுத்துப் போட்டது நான். ஏன் போட்டனான் எண்டு நீ ஒரு நாளும் கேக்கேல்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பன். அவள் பிடிபட்டிருந்த நேரம். அவளை விசாரிக்கிறவங்களுக்கு முன்னாலை, கனடாவிலை எடுத்த, அமெரிக்காவிலை பதியிற ஒரு ஆவணத்திலை அவளின்ரை பேரைக் கொண்டுபோய் வைக்கச் சொல்லுறியோ? தேர்தலிலை நிண்டது ஒரு குற்றம். வெளிநாட்டோடை தொடர்பு எண்டு வந்தால் அது வேறை குற்றம். இப்ப நீ செய்யப்போறது அதுதான். அமெரிக்கக் கொம்பனி சீனக் கொம்பனியை அடிக்க எடுத்த பொல்லு லின் எண்டு உலகத்துக்கே காட்டப்போறாய்.

சீர்திருத்தம், தேர்தல் எண்டு அவள் எங்கடை மேசையிலை இருந்து கதைச்சதை நானும் கேட்டனான். "வாக்கு எங்களுக்கும் இருந்தது" எண்டு நான் சொன்னன். "எங்கடை நாட்டிலை எல்லாரும் வரிசையிலை நிண்டு வாக்குப் போட்டுத்தான் எங்களை அடிச்சவை. உங்கடை அரசாங்கம் வாக்குக் கேக்காமல் நாற்பது வருஷத்திலை எத்தினை கோடிச் சனத்தைச் சாப்பிட வைச்சது?" அவள் என்ன சொன்னவள் தெரியுமோ? "கஸ்பர், நீங்கள் அடிவாங்கினதைச் சொல்ல ஒரு நாட்டுக்கு ஓடி வந்தனீங்கள். நான் ஓடாமல் சொல்லப் பாக்கிறன்." வடிவாச் சொன்னாள் எண்டதாலை அவள் சொன்னது சரி எண்டு ஆகாது. அவளுக்கு என்ன நடந்ததெண்டு பார்.

போன மாதம் இஞ்சத்தை அரசாங்கப் பாதுகாப்பு ஆக்கள் ரெண்டு பேர் வேலை முடிஞ்சு கார் பார்க்கிலை என்னைப் பிடிச்சினம். வலு மரியாதை. "நீங்கள் ஆருக்கு விசுவாசம்?" எண்டு கேட்டினம். ஷென்ஷெனிலையும் போன வருஷம் இதே கேள்விதான், இதே மரியாதைதான். நீ எப்பவாவது ரெண்டு பக்கத்திலையும் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லியிருக்கிறியோ?

அப்பா மீன்பிடிச் சங்கத்தின்ரை பெட்டிசத்திலை முதல் ஆளாக் கையெழுத்துப் போட்டவர். கடலுக்குப் போக விடுங்கோ எண்டு கேட்டது மட்டும்தான். மற்றவையை விட்டிட்டு முதல் பேரைத்தான் தேடி வந்தவங்கள். எனக்குப் பதினாலு வயது. ஒருத்தரின்ரை பேர் கடதாசியிலை இருந்தால் என்ன நடக்கும் எண்டு நான் அண்டைக்குப் படிச்சிட்டன்.

கஸ்பர்


ரூஜ்
2 மார்ச் 2025

அண்ணா,

அப்பாவை நீங்கள் இழுத்தபடியால் நானும் சொல்லுறன்.

எனக்குப் பத்து வயது. அம்மா என்னைக் கையிலை பிடிச்சுக்கொண்டு ஆமிக் காம்ப் வாசலிலை நிண்டவ. நீங்கள் வரேல்லை. பொடியள் வந்தால் பிடிப்பாங்கள் எண்டு உங்களை மாமா வீட்டிலை விட்டிருந்தது. அதை நான் குறையாச் சொல்லேல்லை. ஆனா நீங்கள் காணாததை நான் கண்டனான். கதவுக்குப் பின்னாலை இருந்தவன் எழும்பக்கூட இல்லை. "அப்பிடி ஒரு பேர் இஞ்சை இல்லை" எண்டான். அம்மா பேரைத் திருப்பித் திருப்பிச் சொன்னவ. ஊரைச் சொன்னவ, தகப்பன் பேரைச் சொன்னவ. "இல்லை" எண்டான். அதோடை முடிஞ்சுது. பேர் இருந்ததாலை அவரைக் கொண்டுபோனாங்கள் எண்டு நீங்கள் சொல்லுறீங்கள். பேர் இல்லை எண்டு சொல்ல ஏலுமா இருந்ததாலைதான் அவர் திரும்பி வரேல்லை எண்டு நான் சொல்லுறன்.

அதே "இல்லை"யிலை நீங்கள் கையெழுத்துப் போட்டிருக்கிறீங்கள். அவளைக் காப்பாத்தவாம். அவளிட்டைக் கேட்டீங்களோ? 2022இலை அவளை விட்டிட்டாங்கள் எண்டு மிஸஸ் டாங் எங்களுக்குச் சொன்னவ. அவ அஜின்கோர்ட்டிலை இருக்கிற லின்னின்ரை சித்தி, நீங்களும் கண்டிருக்கிறீங்கள். அதுக்குப் பிறகும் திருத்த உங்களுக்கு மூண்டு வருஷம் இருந்தது. பயம் அவளுக்காக எண்டால், அவள் வெளியிலை வந்த அண்டைக்கே குறைஞ்சிருக்கோணும். குறையேல்லை. ஏனெண்டால் அதுக்குள்ளை "தலைமை ஆய்வாளர்" எண்டு கதவிலை அடிச்சுப்போட்டாங்கள்.

என்ரை பக்கத்து ஆக்களைப் பற்றியும் சொல்லுறன், கேளுங்கோ. அமெரிக்க லோயர் போன கிழமை என்னைப் பயிற்சிக்குக் கூப்பிட்டவர். லின் ஏன் காணாமல்போனாள் எண்டு சொல்லத் துவங்கினன். கையைக் காட்டி நிப்பாட்டினார். "அரசியல் வேண்டாம். அவ கண்டுபிடிச்சவ, பேர் விடுபட்டது. அவ்வளவும் போதும்." அவருக்கு லின் ஒரு ஓட்டை. உங்களுக்கு லின் ஒரு ஆபத்து. ஒரு ஆளா அவளைப் பாக்கிறவ இந்த டொரன்டோவிலை அம்மா மட்டும்தான் போலை.

பெரிய வியாழனுக்கு வரவேண்டாம். கோயிலுக்கு அம்மாவை நான் கூட்டிக்கொண்டு போவன்.

செலீன்


மார்க்கம்
20 மார்ச் 2025

செலீன்,

உன்ரை கடிதத்தைப் பேர்ணடெற்றும் வாசிச்சவ. கல்யாணம் கட்டி வந்த இருபது வருஷத்திலை இப்பிடி ஒரு குடும்பம் எண்டு தனக்குத் தெரியாமல் போச்சு எண்டா. அவ சொன்னது உன்னை.

சுருக்கமா எழுதிறன். 2022இலை நீ லாப்பை விட்டு வெளிக்கிடேக்கை சோதனைத் தரவுகள் உன்ரை கணினியிலை இருந்தது. அது உன்னோடை எங்கை போனதெண்டு ஒருத்தரும் விசாரிக்கேல்லை. விசாரிக்காமல் விட்டது நான். உன்ரை புதுக் கொம்பனி ஆறே மாதத்திலை அதே முறையைச் செய்தது. இதைச் சேர்த்துப் பாக்க எங்கடை லோயருக்குக் கனநேரம் செல்லாது. நீ அந்தச் சாட்சிக் கதிரையிலை இருந்து வாயைத் திறந்தால், நானும் திறப்பன்.

மூண்டு வருஷத்தைப் பற்றி எழுதியிருந்தாய். பதில் இல்லாமல் இல்லை. உனக்குச் சொல்ல விருப்பமில்லை.

கஸ்பர்


ரூஜ்
28 ஏப்ரல் 2025

அண்ணா,

லாப்பை விட்டு வரேக்கை நான் கொண்டுவந்தது மேசைக்குக் கீழை கிடந்த ஒரு சோடிச் சப்பாத்து. வாசலிலை பையைத் திறந்து பாத்துத்தான் விட்டவை. பாக்கச் சொல்லி நிண்டது நீங்கள். இதை நீங்கள் மறந்திருக்க ஏலாது. மறக்காமலே எழுதியிருக்கிறீங்கள் எண்டுதான் எனக்கு அருவருப்பா இருக்கு. சொல்லுங்கோ. எங்கை வேணுமெண்டாலும் சொல்லுங்கோ.

இது அதுக்கு எழுதின கடிதம் இல்லை. மிஸஸ் டாங் ஈஸ்ரருக்குப் பிறகு சீனாவிலை இருந்து வந்திட்டா. லின்னைக் கண்டிருக்கிறா.

ஹூனானிலை ஒரு சின்னப் பட்டினத்திலை, தாயோடை இருக்கிறாளாம். வேலை ஒருத்தரும் குடுக்கினமில்லை. வீட்டு முன்னறையிலை பிள்ளையளுக்குக் கணக்குச் சொல்லிக் குடுக்கிறாளாம். தலைமயிர் முன்பக்கம் நரைச்சுப்போச்சாம். அவளுக்கு இன்னும் நாற்பது ஆகேல்லை.

மிஸஸ் டாங் வழக்கைப் பற்றிச் சொன்னவவாம். சொல்லாதேங்கோ எண்டு நான் கேட்டிருந்தன். "கேள்விப்படவேண்டிய ஆள் அவதானே" எண்டா. நாங்கள் ரெண்டு பேரும் வெக்கப்படவேண்டிய கதை. நாலு மாதமா லின்னுக்கு எது நல்லதெண்டு நாங்கள் கடிதத்திலை அடிபட்டம். கேட்டது அந்தக் கிழவி ஒராள்.

நான் மிஸஸ் டாங்கிட்டை, "அவள் கோவிச்சவளோ?" எண்டு கேட்டன்.

"இல்லை. என்ரை பேரைப் போட்டால் அந்தக் காப்புரிமை உடைஞ்சுபோகுமோ எண்டு கேட்டாள்."

"நீங்கள் என்ன சொன்னீங்கள்?"

"எனக்கு அது தெரியாது எண்டன். அதுக்கு அவள் சொன்னாள்: உடைக்கிறதுக்கு என்ரை பேரை எடுக்கவேண்டாம். அது நல்ல வேலை. நாங்கள் ரெண்டு பேரும் செய்தது. ஆனா திருத்துறதெண்டால் போடட்டும்."

"ஆபத்தில்லையோ எண்டு கேட்டீங்களோ?"

"கேட்டன். நான் எங்கை இருக்கிறன் எண்டு அவங்களுக்குத் தெரியும், சித்தி. தெரியாமல் இருக்கிறது மற்ற ஆக்களுக்குத்தான் எண்டாள்."

நான் விசாரிச்சுப் பாத்திட்டன். விடுபட்ட பேரைச் சேர்க்க நீதிமன்றத்துக்கு ஏலும். சேர்த்தால் காப்புரிமை செல்லும். உங்கடை கொம்பனிக்கே இருக்கும், ஏனெண்டால் அவளும் அப்ப அங்கத்தை ஊழியர். அப்பிடி நடந்தால் என்ரை கொம்பனிதான் தோக்கும். அதைத்தான் நான் கேக்கப்போறன். உங்கடை பதினாலு மாதத்தையும் சொல்லுவன், ஒரு சொல்லும் குறைக்காமல்.

நீங்கள் செய்யவேண்டியது, ஓம் எண்டு ஒரு சொல். அவள் கேட்டிருக்கிறாள். நான் இல்லை.

செலீன்


ரூஜ்
16 ஜூன் 2025

அண்ணா,

ஏப்ரல் கடிதத்துக்குப் பதில் வரேல்லை. இப்ப வந்திட்டுது. நீங்கள் வேறை இடத்திலை வைச்சுச் சொல்லியிருக்கிறீங்கள்.

செவ்வாய்க்கிழமை பே ஸ்ரீற்றிலை அந்தக் கண்ணாடி அறையிலை என்னை இருத்திச்சினம். வழக்கு அமெரிக்காவிலை எண்டாலும் எங்கடை சாட்சியத்தை இஞ்சைதான் எடுக்கிறவை. முதலிலை பஸ், பேந்து போர்ட். எங்கடை லோயருக்கு முகம் மலர்ந்துபோச்சு.

"அப்ப கஸ்பர் அமிர்தநாதர் இதைக் கண்டுபிடிக்கேல்லை?" எண்டு கேட்டார்.

"கண்டுபிடிச்சவர். பாதி அவருடையது."

பேனை நிண்டிட்டுது. "கேள்வி விளங்கினதோ?"

"விளங்கினது. எத்தினை தரம் கேட்டாலும் பாதி அவருடையதுதான். மற்றப் பாதி லின்னுடையது. அவவின்ரை பேரைச் சேர்க்கவேணும். அவவும் அதைத்தான் விரும்புறா."

அதுக்குப் பிறகு உங்கடை லோயர் வலு பணிவா எழும்பி, நான் தரவு களவெடுத்தனான் எண்ட கேள்வியைக் கேட்டார். உங்கடை சொல்லுகள்தான், எனக்கு வடிவாத் தெரியும். சப்பாத்தைப் பற்றிச் சொன்னன். ஒருத்தரும் சிரிக்கேல்லை.

அடுத்தநாள் நீங்கள் அதே கதிரையிலை இருந்தீங்கள். எங்கடை லோயர் எனக்கு வாசிச்சுக் காட்டினவர். ஆத்திரத்திலைதான் காட்டினவர். "லின் எங்களுக்குத் தரவு சேர்த்துத் தந்த உதவியாளர். கண்டுபிடிப்பிலை அவவுக்குப் பங்கில்லை." சத்தியம் பண்ணிப்போட்டுச் சொல்லியிருக்கிறீங்கள்.

வெள்ளிக்கிழமை என்னை வேலையாலை நிப்பாட்டிச்சினம். ஆள்குறைப்பாம். எங்கடை பிரிவிலை குறைஞ்சது நான் ஒராள்.

அம்மா கேட்டவ. இந்தமுறை சொன்னன். எல்லாம் கேட்டிட்டு, "அவன் அந்தப் பிள்ளையை வேலைக்காரி எண்டானோ?" எண்டா. பேந்து பேஸ்மென்றுக்கு இறங்கிப்போய் லின்னின்ரை கட்டிலிலை இருந்தவ. கூப்பிடக் கூப்பிட மேலை வரேல்லை.

இனி நான் எழுதமாட்டன். உங்களோடை கோவம் எண்டு சொல்லக்கூட எனக்கு அலுப்பா இருக்கு.

செலீன்


மார்க்கம்
21 செப்ரெம்பர் 2025

செலீன்,

எழுதமாட்டன் எண்டு நீதான் சொன்னனி. நான் சொல்லேல்லை. வாசிக்கிறதும் விடுறதும் உன்ரை விருப்பம்.

ஓகஸ்ட்டிலை என்னை ஷென்ஷெனுக்குக் கூப்பிட்டினம். கொம்பனியின்ரை கண்டுபிடிப்பாளர் விழா. பெரிய மண்டபம். அமெரிக்காவுக்கு நாங்கள் பணியமாட்டம் எண்டு தலைவர் பேசினார், சனம் எழும்பி நிண்டு கைதட்டினது. எனக்கும் மயிர் சிலிர்த்தது எண்டு சொன்னால் நீ நம்பவேணும். எங்கடை சனம் ஒரு நாளும் அப்பிடி ஒரு மண்டபத்திலை வெண்ட பக்கத்திலை இருந்ததில்லை. பேந்து என்னை மேடைக்குக் கூப்பிட்டினம். "இந்த எண்ணம் உங்களுக்கு எப்பிடி வந்தது?" எண்டு கேட்டினம்.

நான் ஆயத்தமாப் போகேல்லை. வாயைத் திறந்தன். ஸ்நோ கொட்டின ஒரு சனிக்கிழமை, டொரன்டோவிலை ஒரு பஸ்ஸிலை போய்க்கொண்டிருந்தனான் எண்டு சொல்லத் துவங்கினன். எல்லாரும் போனைப் பாத்துக்கொண்டு இருந்தவை எண்டன். இறங்கவேண்டிய இடத்திலை இறங்க மறந்துபோனன் எண்டும் சொன்னன். சனம் சிரிச்சுக் கைதட்டினது. நான் அந்த பஸ்ஸிலை ஒரு நாளும் ஏறினதில்லை, செலீன்.

கீழை இறங்கிவர ஒரு பெண் வழியிலை நிண்டா. லின்னோடை முந்தி வேலை செய்தவ. கையைக் குடுத்தா. ஆங்கிலத்திலை, பக்கத்திலை நிண்டவைக்குக் கேக்காதமாதிரிச் சொன்னா: "நல்லாச் சொன்னீங்கள். அவ எங்களுக்குக் கன்ரீனிலை சொல்லேக்கையும் நாங்கள் இப்பிடித்தான் சிரிச்சனாங்கள்." கோவம் இல்லாத குரல். சொல்லிப்போட்டுப் போயிட்டா.

திரும்பி வந்து எனக்கெண்டு தனியா ஒரு லோயரைப் பிடிச்சன். ஜூனிலை நான் சொன்ன சாட்சியம் பிழை எண்டு எழுதிக் குடுத்திட்டன். பொய்ச்சாட்சி எண்டு என்னிலை வழக்கு வரலாம் எண்டு அவர் சொன்னவர். வந்தால் வரட்டும். நீ தரவு களவெடுத்தனி எண்டதும் பொய் எண்டு அதிலை இருக்கு. கொம்பனி அண்டைக்குப் பின்னேரமே என்னை அனுப்பிப்போட்டுது. வாசலிலை என்ரை பையையும் திறந்து பாத்தினம். பேர்ணடெற் ஒரு கிழமையாத் தாய் வீட்டிலை நிக்கிறா.

இது உனக்காகச் செய்ததில்லை. நீ சொன்னதுக்காகவும் இல்லை. பெட்டிசத்தைப் பற்றி நான் சொன்னது இப்பவும் சரி. அவளுக்கு ஏதும் நடந்தால் என்ரை தலையிலை மட்டும் போடாதை. ரெண்டு பேரும் சேர்ந்துதான் அவளின்ரை பேரைக் கொண்டுபோய் அங்கை வைச்சிருக்கிறம். என்னட்டை வந்து நேர நிண்டு கேட்டிருக்கலாம். அவையின்ரை பக்கத்திலை நிண்டு கேட்டாய். அதை நான் மறக்கமாட்டன்.

கஸ்பர்


ரூஜ்
30 நவம்பர் 2025

அண்ணா,

நீதிமன்றத்தின்ரை கட்டளை வந்திட்டுது. உங்களுக்கும் அனுப்பியிருப்பினம். காப்புரிமை செல்லும். கண்டுபிடித்தவர்கள் இருவர். உங்கடை கொம்பனியும் என்ரை கொம்பனியும் இனி வெளியிலை வைச்சுப் பேசித் தீர்க்கப்போகினமாம். ரெண்டு பக்கத்திலையும் எங்களை ஒருத்தரும் கூப்பிடேல்லை.

மிஸஸ் டாங் நேற்று வந்தவ. தமக்கையோடை, லின்னின்ரை தாயோடை, போனிலை கதைச்சிருக்கிறா. கட்டளை வந்த கிழமை ரெண்டு பேர் லின் வீட்டுக்கு வந்து, அமெரிக்க நீதிமன்றத்திலை உன்ரை பேர் ஏன் வந்தது எண்டு கேட்டுக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறாங்கள். விட்டிட்டாங்கள். இப்ப வீட்டிலைதான். ஆனா பிள்ளையளைத் தாய்தகப்பன்மார் வகுப்புக்கு அனுப்பிறதை நிப்பாட்டிப்போட்டினம். முன்னறை வெறுமையாக் கிடக்குதாம்.

நீங்கள் சொன்னதிலை ஒரு பங்கு பலிச்சிட்டுது. சொல்லிக்காட்டுங்கோ, கேக்கிறன். சரியோ பிழையோ எண்டு இண்டைக்கு என்னைக் கேட்டால் எனக்குத் தெரியாது. முந்தி நல்லாத் தெரிஞ்ச மாதிரித்தான் எழுதினன்.

லின் கேட்டது ஒண்டுதானாம்: "என்ரை குடும்பப் பேரை முன்னுக்குப் போட்டவையோ, பின்னுக்கோ?" பின்னுக்கு எண்டு மிஸஸ் டாங் சொன்னவ. "அது பிழை, திருத்தச் சொல்லுங்கோ" எண்டிருக்கிறாள். நான் திருத்தச் சொல்லி எழுதிப்போட்டன். உங்கடை பக்கத்தாலையும் ஒரு கையெழுத்து வேணுமாம். இதோடை வைச்சிருக்கிறன். போட்டு அனுப்பிவிடுங்கோ.

களவு எண்டு சொன்னதைத் திருப்பி எடுத்திட்டீங்கள். முதலிலை சொன்னீங்கள் எண்டது அப்பிடியே இருக்கு. அது எனக்குப் போகாது.

அம்மா நத்தாருக்கு உங்களை வரச் சொல்லுறா. பேர்ணடெற் வந்தால் அவவையும். நான் அண்டைக்கு மிசிசாகாவிலை நிப்பன். வெளிக்கிடேக்கை அம்மாவுக்கு ஒரு கோல் எடுங்கோ. நீங்கள் வந்து சேரமுந்தி நான் போயிடுவன்.

வாங்கோ.

செலீன்